கார்லோ ஸாவ்லியின் கலங்கிய குடுவைகள்: இது பானையா, சிற்பமா?

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு பெரிய குடுவை. அடிப்பாகம் ஒழுங்கான வட்டம். பாதிக்கு மேல் உடம்பு முறுக்கிக்கொண்டு, மடிந்து, அலை அலையாகச் சரிந்து நிற்கிறது. வாய் இருக்கிறது, ஆனால் அதில் பூ வைக்கவும் முடியாது, தண்ணீர் ஊற்றவும் முடியாது. கீழே பெயர் கார்லோ ஸாவ்லி, ஃபயென்ஸா, இத்தாலி என்று இருந்தது.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். மண் வேலை தெரியாது. படத்தை என் மாணவிகளிடம் காட்டினேன். ஒருத்தி உடனே, "சார், இது சூளையில் கெட்டுப்போனதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. கெட்டுப்போன பானைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதை எதற்காகச் சிற்பம் என்கிறார்கள்? இந்த ஆளின் வாழ்க்கை என்ன? இங்கே மண் தெரிந்தவர்களும் இத்தாலியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், அவளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

---

பொலோனியாவாசி எழுதியது:

உங்கள் மாணவிக்கு என் பாராட்டு. நான் வசிக்கும் பொலோனியாவிலிருந்து ஃபயென்ஸா ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸாவ்லி எனக்கு மிகவும் பிடித்தவர், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பளபளப்பான வெள்ளைப் பூச்சுப் பாண்டங்களுக்கு 'ஃபயான்ஸ்' என்று பெயர். அந்தச் சொல் வந்ததே ஃபயென்ஸா என்ற ஊர்ப்பெயரிலிருந்துதான். அங்கே சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. 1908-ல் கயெத்தானோ பல்லார்தீனி தொடங்கியது. 1944 மே மாதம் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி அழிந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியும், உலகம் முழுவதிலுமிருந்து கலைஞர்கள் அனுப்பிய படைப்புகளைச் சேர்த்தும் மறுபடி எழுப்பினார்கள். பிக்காசோவும் அனுப்பியிருக்கிறார்.

ஸாவ்லி அந்த ஊரில்தான் 1926-ல் பிறந்தார். பல்லார்தீனி பெயரிலேயே இருக்கும் மட்பாண்டக் கலைப்பள்ளியில் படித்தார். போர் முடிந்த கொஞ்ச காலத்தில் வியா தெல்லா குரோச்சே தெருவில் ஒரு பட்டறையை எடுத்துக்கொண்டார். வாழ்நாள் வேலை எல்லாம் அந்த ஒரே தெருவில்தான். ஆரம்பத்தில் அவர் செய்தது ஊர் வழக்கப்படி மயோலிகா, அதாவது குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்ணில் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. அதிலேயே நல்ல பெயர் எடுத்தார். ஃபயென்ஸா பரிசு இந்தத் துறையில் பெரிய பரிசு. அதை 1953, 1958, 1962 என்று மூன்று முறை வாங்கியிருக்கிறார்.

1950களின் பிற்பகுதியில் மயோலிகாவைக் கைவிட்டு ஸ்டோன்வேர் பக்கம் போனார். இத்தாலியில் அதை 'கிரெஸ்' என்பார்கள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். பரிசு வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு, ஊரில் யாருக்கும் பெரிதாகப் பழக்கமில்லாத மண்ணுக்கும் வெப்பத்துக்கும் மாறுவது லேசான முடிவில்லை. அந்தக் காலத்திலேயே கட்டடங்களுக்குப் பெரிய புடைப்புச் சிற்பங்களும் செய்தார். பாக்தாத் அரண்மனைக்கு ஒன்று, குவைத் அரசு அச்சகத்துக்கு ஒன்று. பாக்தாத் வேலை 1958-ல் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஈராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது.

நீங்கள் பார்த்த படம் 'வாஸி ஸ்கொன்வொல்தி' என்ற வரிசையாக இருக்கும். வாஸி என்றால் குடுவைகள். ஸ்கொன்வொல்தோ என்ற சொல்லைப் பொருளுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரு சாவுச் செய்தி கேட்டு உட்கார்ந்திருக்கும் மனிதனையும் அப்படித்தான் சொல்வார்கள். 'கலங்கிப்போன குடுவைகள்' என்று தமிழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

---

கரிசல்மண் எழுதியது:

"கலங்கிப்போன". இந்தச் சொல் ஒன்றே படத்தை மாற்றிவிட்டது. நன்றி. ஸ்டோன்வேர் என்றால் என்ன என்பதையும் யாராவது சொல்லுங்கள். செம்மண் பானைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

---

சூளைக்காரி எழுதியது:

நான் சொல்கிறேன். புதுச்சேரிப் பக்கம் பதினோரு ஆண்டுகளாக ஸ்டோன்வேர்தான் செய்கிறேன். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறை 1971-ல் இங்கே தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியில் இந்த வேலை வேரூன்றிவிட்டது, அதனால் கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது.

வீட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கிறதா? மேலே பழுப்பு, கீழே வெள்ளை, கனமாக இருக்குமே. அதுதான் ஸ்டோன்வேர். உப்பும் புளிப்பும் எண்ணெயும் வருடக்கணக்கில் இருந்தாலும் கசியாது. மண்பானை கசியும், அதனால்தான் அதில் தண்ணீர் குளிர்கிறது. தரையில் போடும் விட்ரிஃபைட் டைல்ஸும் இதே குடும்பம்தான்.

மண்பானையைச் சுமார் 700 முதல் 900 டிகிரி வரை சுடுவார்கள். மயோலிகா 1000-ஐ ஒட்டி. ஸ்டோன்வேர் 1200-க்கு மேல், நான் 1280 வரை போவேன். அந்த வெப்பத்தில் மண்ணில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது உருகிக் கண்ணாடியாகி, மற்றத் துகள்களுக்கு நடுவில் புகுந்து இறுகிவிடும். அப்புறம் அது ஏறக்குறைய கல். தட்டினால் மணி மாதிரி சத்தம் வரும்.

சிற்பம் செய்பவர்களுக்கு முக்கியமானது இன்னொன்று. அந்த உச்ச வெப்பத்தில் மண் மெத்தென்று ஆகிவிடும். சூளைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தன் பாரத்துக்குத் தானே வளையப் பார்க்கும். மெல்லிய விளிம்பு தொங்கும். சாய்ந்திருப்பது இன்னும் சாயும். ஆகவே சாய்வாக ஒன்றைச் செய்து, அது சூளையிலிருந்து அதே சாய்வில் வர வேண்டுமென்றால், எவ்வளவு வளையும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

சுருக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணிலிருந்து சுட்ட கல் வரை மொத்தம் 12 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் உயரச் சிற்பம் வேண்டுமென்றால் 113, 114 செ.மீ. உயரத்துக்குச் செய்ய வேண்டும். சுருங்கும்போது அடிப்பாகம் பலகைமேல் உள்நோக்கி இழுபடும். பெரிய உருப்படி என்றால் அந்த இழுப்பிலேயே அடி கிழிந்துவிடும். நாங்கள் கீழே அதே மண்ணில் ஒரு தட்டு செய்து வைப்போம், அதுவும் கூடவே சுருங்கும். இதற்கு நடுவில் 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருந்தால் அங்கேதான் விரிசல் விழும்.

இப்போது ஸாவ்லியின் குடுவையைப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் மண் இரட்டை, பக்கத்திலேயே ஒற்றை. எல்லா இடத்திலும் சுவர் ஒரே அளவில்லை. வெடிக்க வேண்டிய எல்லாக் காரணமும் அதில் இருக்கிறது, வெடிக்கவில்லை. கரிசல்மண் சார், உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்: சூளையில் கெட்டுப்போனால் இப்படி வராது. கெட்டுப்போனது கீறும், உப்பும், அடி கிழியும், பலகையோடு ஒட்டும். இவ்வளவு சுத்தமாகக் கலங்க, பல ஆண்டுக் கை வேண்டும்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

அருமை அக்கா. நான் கலை வரலாறு படித்தவன், அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன், ஒரு வருத்தமும் இருக்கிறது.

போருக்குப் பிந்தைய இத்தாலியக் கலை என்றால் எல்லோரும் சொல்வது லூச்சோ ஃபொன்தானா. துணியைக் கத்தியால் கிழித்தவர். அவரும் நிறைய மண் வேலை செய்தவர்தான். 1936-லிருந்து அல்பிசோலாவில் மட்சோத்தி பட்டறையில் வேலை செய்தார். 1959-60-ல் 'நாத்தூரா' என்ற வரிசையில் பெரிய மண் உருண்டைகளைச் செய்து, அவற்றில் ஆழமாகக் குத்திப் பிளந்தார். ஆனால் 1939-லேயே எழுதிவிட்டார்: நான் சிற்பி, மட்பாண்டக் கலைஞன் இல்லை; சக்கரத்தில் ஒரு தட்டுகூட வனைந்ததில்லை, ஒரு குடுவைக்கும் வண்ணம் தீட்டியதில்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது எனக்குப் புரிகிறது. இத்தாலியில் மண் வேலையைச் 'சிறு கலைகள்' என்ற பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். அதிலிருந்து வெளியே நிற்காவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

லியொன்சில்லோ என்று இன்னொருவர். 1915-ல் ஸ்பொலேத்தோவில் பிறந்து 1968-ல் இறந்தார். மண்ணை வெட்டிப் பிளந்து, உள்ளே சிவப்புப் பூச்சு கொடுத்து, வெட்டுப்பட்ட சதைபோலச் செய்தார். என்னைப் பொறுத்தவரை அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய சிற்பிகளில் ஒருவர். அவரும் சிற்பியாகத் தொடங்கி மண்ணுக்கு வந்தவர்.

ஸாவ்லி எதிர்ப்பக்கமிருந்து வந்தார். அவர் முதலில் குயவர். தட்டும் குடுவையும் வனைந்து, பூச்சு கலக்கி, பள்ளியில் பிள்ளைகளுக்குப் பூச்சும் சூளையும் சொல்லிக்கொடுத்து, அங்கிருந்து சிற்பத்துக்குப் போனார். போன பிறகும் குடுவையை விடவில்லை. அவர் நினைத்திருந்தால் அந்த வாயை மூடி, அடியை மறைத்து, 'சுத்தமான சிற்பம்' ஆக்கியிருக்கலாம். செய்யவில்லை. இது ஒரு குடுவை, குடுவைக்கு இப்படி ஆகிவிட்டது என்று நமக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்.

அதற்கு அவர் கொடுத்த விலை, ஃபொன்தானாவைத் தெரிந்த நூறு பேரில் ஒருவருக்குத்தான் இவரைத் தெரியும். என் படிப்பில் இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட இவர் பெயர் வரவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

---

வேட்கோ எழுதியது:

நான் மானாமதுரைக்காரன், குயவர் வீடு. தாத்தா காலத்திலிருந்து இதே தொழில். நான் இப்போது வேறு வேலையில் இருந்தாலும் லீவில் போனால் திகிரியில், அதாவது பானை வனையும் சக்கரத்தில், உட்காருவேன்.

பொலோனியா நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் படங்கள் தேடிப் பார்த்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் எனக்கு வலித்தது. ஒரு பானை கையில் எழும்பி வரும்போது, அது நேராக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் ஆச்சி ஒரு பானை கோணினால் அதைப் பிசைந்து மறுபடி மண்ணோடு போட்டுவிடும். கோணலை வெளியே அனுப்பாது. கோணல் பானையை வாங்கிப்போனவள் அதை வைத்துச் சமைக்கும்போதெல்லாம் நம்மைத் திட்டுவாள் என்று சொல்லும். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை ரசிக்கச் சட்டென்று மனது வராது.

அப்புறம் யோசித்தேன். எங்கள் பானையும் திகிரியில் முடிவதில்லை. திகிரியிலிருந்து அறுத்து எடுக்கும்போது அதற்கு அடியே கிடையாது. கொஞ்சம் காய விட்டு, உள்ளே கல்லை வைத்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடி கூடும், வயிறு விரியும். தட்டத் தட்டப் பானை முதலில் இருந்த உருவத்தை விட்டு வேறொன்றாக மாறும். திகிரி கொடுப்பது பாதிதான். ஸாவ்லியும் திகிரி கொடுத்ததை எடுத்துக்கொண்டு அதற்கப்புறம் ஏதோ செய்கிறார். நாங்கள் உருண்டைக்குப் போகிறோம், அவர் வேறு எங்கோ போகிறார்.

ஒரு கேள்வி. அவர் இதை எந்தப் பதத்தில் வளைத்திருப்பார்? ஈரமாக இருந்தால் சுவர் விழுந்துவிடும். காய்ந்துவிட்டால் கீறும்.

---

சூளைக்காரி எழுதியது:

வேட்கோ, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆச்சி சொன்னதை என் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம் போலிருக்கிறது.

பதம் பற்றி: மடிப்புகளைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். விளிம்பு கூர்மையாக, கீறாமல் மடிந்திருக்கிறது. அது நீங்கள் பலகையால் தட்டும் பதத்தைவிடக் கொஞ்சம் ஈரம். தூக்கினால் உருவம் நிற்கும், அழுத்தினால் கை பதியும். அந்த நேரம் அரை நாள்கூட நீடிக்காது. வெயில் காலத்தில் எனக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். சில உருப்படிகளில் வனைந்த பகுதிகளை அறுத்து மறுபடி பொருத்தியதுபோலவும் தெரிகிறது. மண்ணில் சுட்ட மண்தூள் நிறையக் கலந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தடிமன் காய்வதற்கு முன்பே வாய் பிளந்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சக்கரத்தில் வனைந்த மண்ணுக்கு ஞாபகம் உண்டு. இதை உவமையாகச் சொல்லவில்லை. வனையும்போது மண் துகள்கள் சுழன்ற திசையில் படிந்துவிடும். தேநீர்க் கெண்டிக்கு மூக்கைச் சக்கரத்தில் வனைந்து நேராக ஒட்டுவோம், சூளையிலிருந்து வரும்போது அது ஒரு பக்கம் திரும்பியிருக்கும். சுழன்ற சுழற்சி வெப்பத்தில் மறுபடி வெளியே வரும். பழகியவர்கள் அதற்கென்றே நுனியைக் கொஞ்சம் மாற்றி அறுத்து வைப்பார்கள். ஸாவ்லியின் முறுக்கலில் அந்தச் சுழற்சி எனக்குத் தெரிகிறது. வெளியிலிருந்து யாரோ அடித்து நசுக்கியதுபோல இல்லை, உள்ளே இருந்த சுழற்சியே மேலே வந்ததுபோல இருக்கிறது. அச்சில் வார்த்த குடுவையை வளைத்திருந்தால் இந்த உணர்வு வந்திருக்காது.

அவருடைய வெள்ளையைப் பற்றியும் யாராவது பேசுங்கள். 'ஸாவ்லி வெள்ளை' என்றே சொல்கிறார்கள். மயோலிகாவின் வெள்ளை மண்ணை முழுக்க மூடும். வெள்ளைச் சுவரில் கோலம்போல மேலே படம் வரையத்தான் அது. ஸாவ்லியின் வெள்ளை மூடவில்லை. விளிம்பில் பூச்சு மெலிந்து, மண்ணிலுள்ள இரும்பு பழுப்பாகத் தெரிகிறது. பள்ளத்தில் தேங்கிச் சாம்பலாகிறது. அந்தப் பூச்சு மடிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு வண்ணமும் சேர்க்காமல், வெளிச்சம் படும் இடத்தையும் படாத இடத்தையும் வைத்தே வேலை முடிகிறது. மயோலிகா ஊரில் பிறந்து, மயோலிகாவில் பரிசு வாங்கியவர், வெள்ளையை விடாமல் அதன் வேலையை மட்டும் மாற்றியிருக்கிறார். இதை யோசிக்க யோசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

---

பாலாற்றங்கரை எழுதியது:

வெள்ளையைப் பற்றி இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஒரு மாறுபட்ட கருத்தையும் வைக்கிறேன். 1960களில் ஸாவ்லி 'லா ஃபயென்ஸா' என்ற டைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சுவருக்கும் தரைக்கும் ஓடு. அதே எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலத்தில் ஸஸ்ஸுவோலோ என்ற ஊர் இத்தாலிய டைல்ஸ் தொழிலின் தலைநகரம். அந்தக் காலத்தில் நாடே வீடு கட்டிக்கொண்டிருந்தது. கலைஞர் ஒருவர் தொழிற்சாலைப் பக்கம் போவது அவருடைய சிற்ப வேலையைப் பலவீனப்படுத்தாதா? பத்தாயிரக்கணக்கில் ஒரே மாதிரி ஓடு அச்சடிப்பதும், ஒன்றுபோல இன்னொன்று இல்லாத குடுவை செய்வதும் எப்படி ஒரே மனதில் இருக்கும்?

---

பொலோனியாவாசி எழுதியது:

பலவீனப்படுத்தியது என்று நான் நினைக்கவில்லை. ஓட்டு வேலை அவருடைய சுவர்ப் புடைப்புகளுக்கு நேர் பக்கத்தில் இருக்கிறது. ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்ப வைத்து ஒரு சுவரை எழுப்பினால், ஒவ்வொரு சதுரத்தின் மேலும் வெளிச்சம் எப்படி விழும் என்று யோசிக்கத்தான் வேண்டும். அந்தக் கண் சிற்பத்துக்கும் தேவை. தவிர, உயர்வெப்பச் சூளை, மண் கலவை, பூச்சு என்று பரிசோதனைகளுக்குப் பணம் வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் 2019-ல் அவருடைய அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவர் 2002-ல் இறந்தார். அதே ஆண்டில் குடும்பம் அந்தப் பழைய பட்டறையையே அருங்காட்சியகமாகத் திறந்தது, மகன் மத்தேயோ நடத்துகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருட்கள் மட்டும் என்று நினைத்துப் போனேன். சூளைகள் அங்கேயே நிற்கின்றன. வேலை நடந்த அறைகள் வேலை நடந்த அறைகளாகவே இருக்கின்றன. கீழே நிலவறை ஒன்று, மண்ணை வைத்துப் பதப்படுத்திய இடம். படியில் இறங்கியதும் ஈர மண் வாசனை. இளம் கலைஞர்களை வெளிநாடுகளிலிருந்து அழைத்து அங்கே தங்கி வேலை செய்ய விடுகிறார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் மண்ணையே தொடாதவர்கள்.

மேலே ஒரு அறையில் 'ட்சொல்லே' வரிசை. ட்சொல்லா என்றால் மண்கட்டி, உழும்போது கலப்பை புரட்டிப் போடுமே, அது. ரயிலில் வரும்போது பார்த்திருந்தேன், ஃபயென்ஸாவைச் சுற்றி முழுக்கச் சமவெளி வயல். இலையுதிர் காலத்தில் உழுது போட்டிருந்தார்கள். கட்டி கட்டியாக, வெட்டுப்பட்ட முகம் ஈரத்தில் மின்னிக்கொண்டு. ஒரு மணி நேரம் கழித்து அதே முகத்தைச் சுட்ட மண்ணில் பார்க்கிறேன். குடுவையே இல்லை அங்கே, மண் மட்டும்தான். குடுவையைக் கலக்கிக் கலக்கிக் கடைசியில் அது வந்த வயலுக்கே போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது. தொட விடவில்லை. ஆனால் ஒரு துண்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன், காவலிருந்த பெண்மணி வந்து நாற்காலி போட்டார்.

அப்புறம் 2023 மே. செய்தியில் பார்த்திருப்பீர்கள். மாதத் தொடக்கத்தில் ஒரு முறை, 16, 17 தேதிகளில் மறுபடி ஒரு முறை, லமோனே ஆறு கரை உடைத்து ஃபயென்ஸாவுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் நாலு பேர் மண்வெட்டியோடு ரயிலேறிப் போனோம். என்னை ஒரு முதியவரின் வீட்டுக்கு அனுப்பினார்கள், மூன்று நாள் அங்கேயே சேறு அள்ளினேன். ஸாவ்லி அருங்காட்சியகத்தின் நிலவறையும் மூழ்கியது என்று அங்கே இருக்கும்போதுதான் கேள்விப்பட்டேன். என் பூட்ஸில் ஒட்டியிருந்தது அந்த ஆறு கொண்டுவந்த வண்டல்தான். ஃபயென்ஸாவில் மட்பாண்டத் தொழில் வந்ததற்கே அந்த ஆற்றங்கரைக் களிமண் ஒரு காரணம். மண் கொடுத்த ஆறே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து சுத்தம் செய்து மீட்டார்கள். சுட்ட ஸ்டோன்வேருக்குச் சேறு ஒன்றும் செய்யாது, கழுவினால் போகும். காகிதத்துக்கும் சுடாத மண்ணுக்கும்தான் ஆபத்து.

---

வேட்கோ எழுதியது:

சுடாத மண் தண்ணீரில் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். எங்கள் ஊரில் வைகையில் வெள்ளம் வந்த ஒரு வருடம் கொட்டகையில் காயப்போட்டிருந்த பச்சைப் பானை எல்லாம் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டது. சுட்டு அடுக்கியிருந்தது தப்பித்தது. நீங்கள் எழுதியது எனக்கு அப்படியே கண்ணில் வந்தது.

---

பாலாற்றங்கரை எழுதியது:

நண்பரே, டைல்ஸ் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

வெளிநாட்டில் அவரை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டது ஜப்பான் என்பதையும் சேர்க்க வேண்டும். 1970களிலேயே அங்கே கண்காட்சிகள் நடந்தன. இறந்த பிறகும் 2007-ல் கியோட்டோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெரிய பின்னோக்குக் கண்காட்சி வைத்தார்கள். இத்தாலியில் கிடைக்காத இடம் ஜப்பானில் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே மட்பாண்டம் சிறு கலை இல்லை. தேநீர்க் கிண்ணத்தின் ஒரு கோணலுக்காக நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதே கியோட்டோவில்தான் 1948-ல் யாகி கசுவோவும் நண்பர்களும் ஸோதெய்ஷா குழுவைத் தொடங்கி, சக்கரத்தில் வனைந்த உருளைகளை வைத்தே எதற்கும் பயன்படாத உருவங்கள் செய்தார்கள். ஸாவ்லியைப் பார்த்தவுடன் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அமெரிக்காவில் பீட்டர் வொல்கோஸ் இருந்தார். 1924-ல் பிறந்தவர், ஸாவ்லி இறந்த அதே 2002-ல் இறந்தார். அவரும் குயவராகத் தொடங்கி ஸ்டோன்வேரைக் குத்தி, கிழித்து, அடுக்கினார். ஆனால் வொல்கோஸிடம் கோபம் தெரியும், கை அடித்த அடி தெரியும். ஸாவ்லியிடம் அது இல்லை. எனக்கு அது ஒரு நிலச்சரிவு மாதிரி, மெதுவாக, யார் மேலும் கோபமில்லாமல் நடப்பது.

---

கரிசல்மண் எழுதியது:

இந்த இழையை இன்று வகுப்பில் பகுதி பகுதியாகப் படித்துக் காட்டினேன். கேள்வி கேட்ட மாணவி பெயர் வேண்டாம், எட்டாம் வகுப்பு. சூளைக்காரி எழுதியதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா கெட்டுப்போகாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காரு" என்றாள். மானாமதுரை ஆச்சி சொன்னதுக்கு வகுப்பே அமைதியானது. இரண்டு பிள்ளைகளின் வீட்டில் இன்னும் மண்சட்டியில்தான் மீன் குழம்பு, அவர்களுக்கு அந்தக் கோணல் சட்டி விஷயம் நன்றாகப் புரிந்தது.

அடுத்த வாரம் களிமண் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சூளை கிடையாது, காய வைத்துப் பார்ப்போம். ஒவ்வொருவரும் முதலில் ஒரு ஒழுங்கான கிண்ணம் செய்ய வேண்டும், அப்புறம்தான் அதைக் கலக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

---

சூளைக்காரி எழுதியது:

மிகச் சரி. அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். 40 செ.மீ. உயரத்தில் ஒரு குடுவை வனைந்து, காலையில் துணி போட்டு மூடி, மதியம் இரண்டு மணிக்கு எடுத்தேன். அதை வளைக்கக் கை வரவில்லை. பதினோரு ஆண்டாக நேராக நிற்க வைக்கப் பழகிய கை. கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் தோள்பட்டையில் வைத்து, வனைந்த திசையிலேயே மெதுவாகத் திருப்பினேன். ஒரு பக்கம் அழகாக மடிந்தது. மறுபக்கம் சுவர் மெலிந்து வயிறு உள்ளே விழுந்துவிட்டது. அதை அப்படியே விட்டு, மூன்று வாரம் மூடியே காய வைத்துச் சுட்டேன். வெளியே எடுத்தபோது மடிப்பு தப்பித்திருந்தது, அடியில் ஒரு விரல் நீள விரிசல். கீழே தட்டு வைத்திருந்தும் விழுந்துவிட்டது.

விரிசலைப் பார்த்து வருத்தமில்லை. விழுந்த வயிற்றைப் பார்த்துத்தான் வருத்தம். அவருடையது ஒன்றுகூட விழவில்லை. எல்லாமே கலங்கியிருக்கிறது, எதுவும் விழவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று இப்போதுதான் கைக்குத் தெரிந்தது. அடுத்த முறை சுவரைத் தடிமனாக வைத்து, சுட்ட மண்தூளை 25 சதவீதம் ஆக்கப்போகிறேன். திருப்புவதற்கு முன் உள்ளே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கினால் சரிவருமா என்று பார்க்க வேண்டும்.

வேட்கோ, உள்ளே கல் வைத்துக்கொண்டு தட்டும்போது கல்லை எந்த இடத்தில் பிடிப்பீர்கள்? பலகை விழும் இடத்துக்கு நேர் பின்னாலா, கொஞ்சம் தள்ளியா?

---

வேட்கோ எழுதியது:

நேர் பின்னால்தான். தள்ளிப் பிடித்தால் சுவர் அங்கேயே குழிந்துவிடும், நீங்கள் சொன்ன வயிறு விழுந்தது அதனால்தான் இருக்கும், பின்னால் தாங்கல் இல்லாமல். கல்லை அழுத்த வேண்டாம், சும்மா வைத்திருந்தால் போதும். மண் தானாக வந்து அதில் சாயும். சித்திரை லீவில் ஊருக்குப் போகிறேன், ஆச்சியின் கல்லைப் படம் எடுத்துப் போடுகிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும்.